சம்பூர்ணத்துக்கு நான் போடாத கோடி

கண்ணு, இதை நீ மெதுவாத்தான் படிப்பேன்னு எனக்குத் தெரியும். ஸ்கூல் பூரா தெலுங்குல படிச்சவன் நீ, தமிழை எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பே. பரவாயில்லை, மெதுவாவே படி. இருபத்தஞ்சு வருசமா அங்கன்வாடி ரிஜிஸ்டர் எல்லாம் தெலுங்குலதான் எழுதிக்கினு வரேன். அதுல புள்ளைங்க எடையும் உயரமும் எழுத வருது, மனசுல இருக்கறது வர மாட்டேங்குது. போன்லயே சொல்லிடலாம்னு மூணு தடவை உன் நம்பரைப் போட்டேன். நீ "சொல்லும்மா"ன்னதும் "துன்னியாடா"ன்னு கேட்டுட்டு வெச்சிட்டேன். போன்ல நீ நடுவுல ஒரு கேள்வி கேட்டா நான் பேச்சை மாத்திடுவேன். என் புத்தி எனக்குத் தெரியாதா? பேப்பர்ல எழுதிப் போஸ்ட் பண்ணிட்டா அப்புறம் மாத்த முடியாது.

தலை தீபாவளிக்குப் புத்தலப்பட்டுல மாமியார் வீட்டுக்கு வரேன்னு சொன்னே. மறுநாளே மருமகளைக் கூட்டிக்கினு பிச்சாட்டூர் போய் சம்பூர்ணம் சின்னம்மா கால்ல விழுந்து எழுந்திருக்கணும்னும் சொன்னே. "கல்யாணத்துக்கு வராம ஏமாத்திட்டா இல்ல, நேர்ல போய் அவளை ஒரு கை பாத்துக்கறேன்"னு சிரிச்சே. எப்ப போட்டாலும் அவ நம்பர் ஸ்விட்ச் ஆஃப்னு வருதேன்னும் கேட்டே. கண்ணு, சம்பூர்ணம் செத்துட்டா. உன் கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முந்தி, வெள்ளிக்கிழமை காலையில செத்துட்டா. மண்டபத்துல மாலையும் கழுத்துமா நின்னுக்கினு "சின்னம்மா எங்கம்மா?"ன்னு நீ கேட்டப்போ அவளை எடுத்து ரெண்டு நாள் ஆயிருந்துச்சு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உன்கிட்ட பொய் சொன்னேன்.

இப்போ பேப்பரை வெச்சிட்டு எனக்கு போன் போடாதே. முழுசும் படிச்சிட்டு அப்புறம் திட்டு, எவ்வளவு நேரம் திட்டினாலும் கேட்டுக்கறேன். உங்க நைனா மேல கோவப்படாதே. உன் அத்தை மேலயும் வேணாம். அவங்க பேரும் இதுல வரும், ஆனா தப்பு பண்ணினவ நான்தான்.

எனக்கும் சம்பூர்ணத்துக்கும் எப்படிப் பழக்கம் ஆச்சுன்னு உனக்கு நான் சொன்னதே இல்லை. ஒரே ஊரு, ஒரே ஸ்கூலுன்னு மட்டும் சொல்லி இருப்பேன். எனக்கும் கூடப் பொறந்தவன் கிடையாது, அவளுக்கும் கிடையாது. எங்க ஊர்ல நாகுல சவிதிக்குப் பொம்பளப் புள்ளைங்க எல்லாம் புத்துக்குப் பால் ஊத்திட்டு, மிச்சப் பாலை வீட்டுக்கு எடுத்துக்கினு வந்து அண்ணன் தம்பிங்க முதுகுல தடவுவாங்க. அவனுங்க கையில இருக்கறதை ஏதாவது குடுப்பானுங்க. ஒரு வருசம், எனக்கு அப்போ ஒன்பது வயசு இருக்கும், எல்லாரும் ஓடிப் போயிட்டாங்க, நான் மட்டும் புத்துகிட்ட சொம்பு அடியில கொஞ்சம் பாலை வெச்சிக்கினு நின்னேன். யார் முதுகுல தடவறது? திரும்பிப் பாத்தா இவளும் சொம்பும் கையுமா நிக்கறா. அதுவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் பேசினது கூட இல்லை. சட்டுன்னு பாவாடையை இழுத்துச் செருகிக்கினு எனக்கு முதுகைக் காட்டிக் குனிஞ்சா. "தடவுடி, என்னைப் பாத்துக்கினு நிக்கறே"ன்னா. நான் தடவினேன். அப்புறம் அவ எனக்குத் தடவினா. கையில குடுக்க எதுவும் இல்லாம, தலையில வெச்சிருந்த டிசம்பர் பூவைப் பிச்சிப் பாதி குடுத்தா. அன்னைக்கு எங்களைப் பாத்து ஊரே சிரிச்சிச்சு. அவ "சிரிங்கடி சிரிங்க"ன்னு சொல்லிக்கினே என் கையைப் புடிச்சி இழுத்துக்கினு நடந்தா. அவளை விட நான் அஞ்சு மாசம் மூத்தவ, ஆனா எப்பவும் இழுத்துக்கினு போனது அவதான்.

கல்யாணம் ஆகி நான் புத்தூருக்கு வந்தேன், அவ பிச்சாட்டூர் போனா. பஸ்ல ஒரு மணி நேரம். எங்க ரெண்டு பேருக்கும் அப்பா அம்மா ரொம்ப நாள் இருக்கலை. அப்புறம் அவ வீடு எனக்குப் பொறந்த வீடு, என் வீடு அவளுக்குப் பொறந்த வீடு. பொங்கலுக்கு வரிசைன்னு நான் புது அரிசி, வெல்லம், மஞ்சக்கொத்து, ரவிக்கைத் துணி எடுத்துக்கினு போவேன். மறுநாள் அவ அதே மாதிரி எடுத்துக்கினு இங்க வருவா. உங்க நைனா பாத்துட்டு, "ரெண்டு பேரும் அவங்கவங்க பொருளை அவங்கவங்களே வெச்சிக்கலாமே, பஸ்காரனுக்கு எதுக்கு வேலை"ன்னு கிண்டல் பண்ணுவாரு. நீ மூணு மாசக் குழந்தையா இருக்கறப்போ உங்க நைனாவோட சண்டை போட்டுக்கினு உன்னைத் தூக்கிக்கினு நான் போய் நின்ன இடமும் அதுதான். எட்டு நாள் வெச்சிருந்தா. ஏன் வந்தேன்னு ஒரு வார்த்தை கேக்கலை. ஒன்பதாம் நாள் உங்க நைனா தேடிக்கினு வந்தப்போ வாசப்படியில குறுக்க கையை வெச்சிக்கினு, "எங்க வூட்டுப் பொண்ணை அழ வெச்சிட்டு இங்க எதுக்கு வரீங்க மாமா? காப்பி துன்னுட்டுப் போங்க, பொண்ணை அனுப்ப மாட்டோம்"னா. காப்பி குடிக்கறதாச்சேன்னு உங்க நைனா சிரிச்சிட்டாரு. சண்டை அதோட முடிஞ்சுது.

உங்க ஆயா, என்னைப் பெத்தவ, செத்தப்போ ஒண்ணு நடந்துச்சு. கல்யாணம் ஆன பொம்பளை செத்தா பொறந்த வீட்டுல இருந்து ஒரு புதுப்புடவை வரணும், கோடின்னு சொல்றது அதைத்தான். அதை மேல போட்ட அப்புறம்தான் எடுப்பாங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் காத்துக்கினு இருப்பாங்க. ஆயாவுக்கு அவங்க தம்பி கோடி எடுத்துக்கினு வந்து சேர மத்தியானம் ஆயிடுச்சு. எல்லாம் முடிஞ்சு பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கறப்போ சம்பூர்ணம் கேட்டா, "நமக்கு யாருடி எடுத்துக்கினு வருவாங்க?" நான் அழுதுக்கினு இருந்தேன். அவளே சொன்னா: "உனக்கு நான், எனக்கு நீ. வெளுத்துப் போன கலர்ல எடுத்துக்கினு வந்தே, எழுந்து உக்காந்துக்கினு திட்டுவேன் பாத்துக்கோ." அந்த அழுகையிலயும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சரின்னு அவ கையில அடிச்சு சத்தியம் பண்ணினேன்.

உனக்குக் காது குத்தறப்போ தாய்மாமன் மடியில உக்கார வெக்கணும்னாங்க. எனக்கு அண்ணன் தம்பி எங்க இருக்கான்? சம்பூர்ணம் திருத்தணியில சம்மணம் போட்டு உக்காந்து, "குடு அவனை இங்க"ன்னு உன்னை வாங்கி மடியில வெச்சிக்கினா. பொம்பளை மாமன் எங்கயாச்சும் உண்டான்னு உன் அத்தை முணுமுணுத்தா. நீ வீல்னு கத்தி அவ கையைக் கடிச்சிட்டே. அந்தக் கடிச்ச தழும்பை ஊர் பூரா காட்டிக்கினு திரிஞ்சா. உன் கல்யாணத்துக்கும் மாமன் மாலை நான்தான் போடுவேன்னு ஆறு மாசமா சொல்லிக்கினு இருந்தா. உனக்குப் பட்டு வேட்டி எடுத்தா, தனக்கு மாம்பழக் கலர்ல ஒரு பட்டுப்புடவை நகரியில எடுத்தா. போட்டோ அனுப்பி, "நான் மாப்பிள்ளைக்கு மாமனா, மாப்பிள்ளைக்கே போட்டியா?"ன்னு கேட்டா.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவ போன் பண்ணினா. நான் பத்திரிக்கை குடுக்கற அலைச்சல்ல இருந்தேன். "மூச்சு ஒரு மாதிரி வாங்குதுடி, நாலு படி ஏறினா நெஞ்சைப் புடிக்குது"ன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கேஸா இருக்கும், மாத்திரை போடு. இப்போ நீ படுத்துக்கினியானா நான் செத்தேன், கல்யாணம் முடியட்டும், திருப்பதியில பெரிய டாக்டர்கிட்ட நானே கூட்டிக்கினு போறேன்." அவ சரின்னா. அதுதான் நாங்க கடைசியா பேசினது.

புதன்கிழமை நம்ம வாசல்ல பந்தக்கால் நட்டோம், உனக்கு நெனப்பு இருக்கும். வெள்ளிக்கிழமை காலையில நீ மாப்பிள்ளைத் தோழனுங்களோட திருப்பதி மண்டபத்தைப் பாத்துட்டு வரப் போயிருந்தே. வீட்டுல அதிரசத்துக்கு மாவு இடிச்சிக்கினு இருக்காங்க. சம்பூர்ணத்தோட வீட்டுக்காரரு, முனெய்யா சித்தப்பா, போன் பண்ணினாரு. அவரு பொறந்ததுல இருந்து தெலுங்குதான் பேசுவாரு. "சம்பூர்ணம் போயிந்தி வதினா"ன்னாரு, போயிட்டா அண்ணின்னு. தண்ணி புடிக்கப் போனவ குழாயடியிலயே உக்காந்துட்டாளாம், அவ்வளவுதானாம். நான் யோசிக்கலை. "நான் வரேன், நான் வர வரைக்கும் எடுத்துடாதீங்க"ன்னு கத்தினேன். அவரு, "நுவ்வு வச்சேதாகா தீயம் வதினா"ன்னாரு. நீ வர வரைக்கும் எடுக்க மாட்டோம்னு அர்த்தம், உனக்குச் சொல்லணுமா?

உள்ளே ஓடி பீரோவைத் திறந்தேன். சம்பந்தி வீட்டுக்குக் குடுக்கறதுக்குன்னு எடுத்து வெச்ச புடவைங்க இருந்துச்சு. அதுல பச்சைக் கலர்ல நல்ல புடவை ஒண்ணை எடுத்துப் பையில வெச்சிக்கினு செருப்பை மாட்டினேன். உன் அத்தை வாசல்ல வந்து நின்னா. "பந்தக்கால் நட்ட வூட்டுல இருந்து சாவுக்குக் கோடி எடுத்துக்கினு போறியா? புள்ளை தாலி கட்ட வேணாமா? அந்தத் தீட்டோட வந்து பந்தல்ல நிப்பியா?"ன்னு கேட்டா. இத்தனை நாளா என் மனசுக்குள்ள, அவதான் தடுத்தா, அவதான் தடுத்தான்னு சொல்லிக்கினு இருந்தேன். பொய். அவ அவ்வளவுதான் கேட்டா, அப்புறம் வழி விட்டு ஒதுங்கிட்டா. உங்க நைனா தலையைக் குனிஞ்சிக்கினு, "போறதா இருந்தா போ, நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆட்டோவைக் கூப்பிடட்டுமா?"ன்னு கேட்டாரு. என்னை யாரும் புடிச்சிக் கட்டலை கண்ணு. செருப்பு கால்ல இருக்குது, பை கையில இருக்குது, ஆட்டோ தெருமுனையில நிக்குது. அந்தப் பந்தக்காலுல கட்டின மஞ்சத்துணியைப் பாத்தேன். உனக்கு ஏதாவது ஆயிடுச்சுனா? நாளைக்கு உன் பொண்டாட்டிக்கு ஒரு நோவு வந்தா, குழந்தை நிக்கலைன்னா, இவ செத்த வீட்டுக்குப் போனதாலதான்னு நாலு பேர் சொன்னா? அப்படித்தான் என் புத்தி போச்சு. செருப்பைக் கழட்டினேன். கழட்டினப்போ, ஐயோ கடவுளே, எனக்கு ஒரு நிம்மதி வந்துச்சுடா. அதைத்தான் என்னால இன்னும் மன்னிக்க முடியலை.

வரலைன்னு ஒரு போனாவது பண்ணி இருக்கலாம் இல்ல? வேற யார்கிட்டயாவது புடவையைக் குடுத்து விட்டிருக்கலாம் இல்ல? எதுவும் பண்ணலை. கல்யாண வீட்டுப் புடவை சாவு வீட்டுக்குப் போகக்கூடாதுன்னு அதைத் திரும்ப பீரோவுல அடுக்கினேன். பத்து மணிக்குப் போன் அடிச்சிச்சு. பன்னண்டுக்கு அடிச்சிச்சு. ரெண்டு மணிக்கு மேல அடிச்சிக்கினே இருந்துச்சு. முனெய்யான்னு பேரு வருது. என்ன சொல்லி எடுக்கறது? போனை அரிசி டிரம்முக்குள்ள வெச்சு மூடிட்டு அதிரசம் தட்ட உக்காந்தேன். வந்தவங்க எல்லாம், புள்ளை கல்யாணம்னு அம்மாவுக்கு கண்ணெல்லாம் கலங்குது பாருன்னாங்க.

கல்யாணத்தன்னைக்கு மாமன் மாலை போடக் கூப்பிட்டாங்க. யாரோ ஒரு ஒண்ணுவிட்ட மாமனை நிறுத்தினோம். நீ என் காதுகிட்ட குனிஞ்சு கேட்டே. "கால் வீங்கிப் போச்சாம்டா, நடக்க முடியலையாம்"னு சொன்னேன். எப்படித்தான் அந்த வாய் வந்துச்சோ. அடுத்த நிமிசம் போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான், சிரிச்சேன். ஆல்பத்துல அந்த போட்டோ நல்லா வந்திருக்குது. அப்புறம் ரேணிகுண்டா ஸ்டேஷன்ல ரயிலுக்கு நிக்கறப்போ, "ரெண்டு மணி நேரம் இருக்குது, ஒரு கார் புடிச்சிப் பிச்சாட்டூர் போய் சின்னம்மாவைப் பாத்துட்டு வந்துடலாமா?"ன்னு கேட்டே. ரயில் போயிடும்னு அதட்டினேன். உன் பொண்டாட்டி கூட, பாவம், ஏன் அத்தை இப்படிக் கோவப்படறாங்கன்னு என்னையே பாத்துச்சு.

பதினாறாம் நாளுக்காவது போயிருக்கணும். போகலை. முகத்துல முழிக்க தைரியம் இல்லை. தீபாவளிக்கு நீ நேரா அங்க போய் நிப்பேன்னு சொன்னதும்தான் எனக்குப் பயம் புடிச்சிச்சு. போன ஞாயித்துக்கிழமை பஸ் ஏறினேன். முனெய்யா சித்தப்பா பஸ் ஸ்டாண்டுல இருக்கற அவரு டீக்கடையை மூடிட்டு வீட்டுலதான் இருந்தாரு. ஆளு பாதியா இளைச்சிட்டாரு. திட்டுவாரு, மூஞ்சியில தண்ணியை வீசுவாரு, எது வந்தாலும் வாங்கிக்கணும்னு போனேன். அவரு சேரை இழுத்துப் போட்டு, சொம்புல தண்ணி குடுத்து, எதிர்ல உக்காந்து மொதல்ல கேட்டது இதுதான்: "அப்பாயி பெள்ளி பாகா ஜரிகிந்தா வதினா?" புள்ளை கல்யாணம் நல்லா நடந்துச்சான்னு கேக்கறாரு. அங்கயே தரையில உக்காந்து அழுதேன். இத்தனை நாள் அழாததெல்லாம் சேத்து அழுதேன்.

அப்புறம் அவரே சொன்னாரு. அஞ்சு மணி வரைக்கும் வெச்சிருந்தாங்களாம். இருட்டினா எடுக்கக் கூடாதுன்னு ஊர்ப் பெரியவங்க அவசரப்படுத்தினாங்களாம். பொறந்த வீட்டுக் கோடி யாருன்னு மூணு தரம் கூவிக் கேட்டாங்களாம். இவ என்ன அனாதையான்னு கூட்டத்துல ஒருத்தன் கேட்டானாம். இவரு எழுந்து உள்ளே போய், உன் கல்யாணத்துக்குன்னு அவ எடுத்து வெச்ச மாம்பழக் கலர் பட்டை எடுத்துக்கினு வந்து, "இதோ இருக்குது, புத்தூர்ல இருந்து அவ அக்கா அனுப்பிச்சது. பந்தக்கால் நட்ட வீடு, அதனால வர முடியலை. கோடி மட்டும் நேத்தே குடுத்தனுப்பிட்டா"ன்னு சொன்னாராம். காலையில செத்தவளுக்கு நேத்தே எப்படிக் கோடி வரும்? அதை யாரும் கேக்கலையாம். பந்தல்ல உன் பக்கத்துல கட்டிக்கினு நிக்க எடுத்த புடவைடா அது. அதை மேல போட்டு எடுத்துக்கினு போனாங்க. அந்த ஊர்க்காரங்க இன்னைக்கும் நான்தான் போட்டேன்னு நெனச்சிக்கினு இருக்காங்க. நான் திரும்ப பஸ்ஸுக்கு நடந்து வரப்போ ஒரு கிழவி என் கையைப் புடிச்சிக்கினு, "தங்கச்சிக்கு நல்ல புடவையா அனுப்பினே தாயி"ன்னா. நான் தலையை ஆட்டிட்டு வந்தேன். அங்கயும் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லலை.

அதனால கண்ணு, தீபாவளி முடிஞ்சதும் நீ போ. மருமகளையும் கூட்டிக்கினு போ. உனக்கு எடுத்த பட்டு வேட்டியை அவரு பத்திரமா வெச்சிருக்காரு, என்கிட்ட குடுக்கலை, அவன் வந்து வாங்கிக்கட்டும்னாரு. புதுசா கல்யாணம் ஆனவங்க துக்கம் நடந்த வீட்டுக்கு வருசம் திரும்பற வரைக்கும் போகக்கூடாதுன்னு உன் மாமியார் சொல்லுவாங்க. உன் அத்தையும் சொல்லுவா. நான் அதையெல்லாம் தப்புன்னு சொல்ற அளவுக்குப் பெரியவ இல்லை. என்னைக் கேட்டா இன்னமும் எனக்கு உள்ளுக்குள்ள பயமாத்தான் இருக்குது, இதை எழுதறப்போ கூட உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் வரக்கூடாதுன்னு வேண்டிக்கினுதான் எழுதறேன். பயம் இருந்தா இருக்கட்டும், பயத்தோடவே போ. அவரு கால்ல விழு. அம்மா சொல்லலை, எனக்குத் தெரியாதுன்னு என் மேல பழியைப் போட்டுக்கோ, அது உண்மைதான். உன் சிநேகிதன் எவனாவது நாளைக்கு நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா, கையில இருக்கற வேலையை அங்கயே போட்டுட்டு ஓடு. வரேன்னு சொன்னா போ. போக முடியலைன்னா போனை எடுத்துச் சொல்லு. ஒரு செத்த பொம்பளையை வாசல்ல வெச்சிக்கினு ஒரு ஊரே பகல் பூரா ரோட்டைப் பாத்துக்கினு இருந்துச்சு, என்னால.

இன்னும் ஒண்ணு சொல்லணும். எனக்கும் ஒரு நாள் வரும். அன்னைக்கு நம்ம வாசல்லயும் பொறந்த வீட்டுக் கோடி யாருன்னு கேப்பாங்க. எனக்குப் போட வேண்டியவ அவ ஒருத்திதான், நான் அவளுக்குப் போடலை. உன் அத்தை யாராவது தூரத்துப் பங்காளியைப் புடிச்சிக்கினு வந்து கையில ஒரு புடவையைக் குடுத்து நிறுத்துவா. நீ விடாதே. முனெய்யா மாதிரி எனக்காகப் பொய்யும் சொல்லாதே. கோடி வராது, யாருக்காகவும் காத்துக்கினு இருக்க வேணாம்னு சொல்லிட்டு, கட்டின புடவையோடவே என்னை எடுத்துக்கினு போ.